பாதி ஈரம்

ஐப்பசியில் நாலைந்து நாள் விடாமல் மழை பிடித்தால் எங்கள் வீட்டுத் தறிக்குழியில் ஊற்று எடுக்கும். முதல் நாள் குழியின் மூலையில் மண் கறுக்கும். அடுத்த நாள் மிதிக்கட்டையின் அடியில் விரலை வைத்தால் ஈரம் ஒட்டும். மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அம்மா சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றுவாள். மொண்ட அளவு சாயங்காலத்துக்குள் மறுபடி ஊறிவிடும். அப்பா குழிமேட்டில் குந்தி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த நாட்களில் எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச் சத்தம் கேட்காது. மழைக்காலம் என்றால் எங்களுக்கு மழை பெய்கிற சத்தம் அல்ல, தறி ஓய்ந்த அமைதிதான்.

தறி நின்றால் கூலி நிற்கும். ஆனால் அப்பாவுக்கு வேலை நின்றதில்லை. நெய்யாத நாட்களில் அவர் தறிக்குச் செய்த வேலைகளை இத்தனை வருஷம் கழித்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். பாவை இழுத்துக் கட்டியிருக்கும் கயிற்றைத் தளர்த்திவிடுவார். விறைப்பாகவே கிடந்தால் ஈரம் ஏறிய இழை காயும்போது அறும் என்பார். நெய்த பகுதியின் மேலும் நெய்யாத பாவின் மேலும் பழைய வேட்டியை விரிப்பார். ஜக்கார்டு அட்டைக் கோவையைக் கழற்றி உத்திரத்தில் தொங்கவிடுவார். அட்டை ஊறினால் உப்பும். உப்பினால் துளை ஊசிக்கு நேரே வராது. ஊசி தவறினால் கரையில் யாளி நிற்கவேண்டிய இடத்தில் என்ன நிற்கும் என்று சொல்ல முடியாது. நாடாக்களைத் துடைத்து மாடத்தில் வைப்பார். தார்க்குச்சிகளை எண்ணித் தகர டப்பாவில் போடுவார். பாவு ஏறாத உபரி அச்சுக்கு மட்டும் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். பட்டு ஓடும் அச்சில் எண்ணெய் படக்கூடாது. எண்ணெய் படாவிட்டால் கம்பியில் துரு ஏறும். துருப் பட்ட இழையை எந்தச் சாயமும் மறைக்காது. இந்த இக்கட்டுக்கு நடுவில் உலர்ந்த துணியோடு அவர் விரல்கள் போய்வருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்போது அதை நான் வேலை என்று நினைக்கவில்லை. மழைக்குப் பொழுது போகாமல் செய்கிறார் என்று நினைத்தேன்.

இந்த நினைவு திரும்பி வந்தது கனடாவில், ஒரு கராஜுக்குள் நின்றுகொண்டிருந்தபோது.

மகள் ஸ்காபரோவில் இருக்கிறாள். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், சிறு வயதிலேயே பெற்றோரோடு அங்கே போய்ச் சேர்ந்தவர். நானும் மனைவியும் ஒரு டிசம்பரில் போய் மறு வருஷ மே மாதம் வரை இருந்தோம். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் கோலத்தின் மேல் படிகிற ஈரம். முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவத்துக்குப் பெயர் வைத்தோமே தவிர, அதைச் சுமந்து பார்த்ததில்லை. அங்கே பனிக்கு எடை இருக்கிறது. ஓர் இரவில் முழங்கால் உயரம் விழும். விழுந்ததை அள்ளாமல் விட்டால் அடுத்த நாள் கல்லாகும். அதை அங்குள்ள நம்மவர்கள் பனி என்று சொல்வதில்லை. "ஸ்நோ கொட்டுது" என்கிறார்கள். அந்தச் சொல்லை அவர்கள் கடன் வாங்கியதற்கு நியாயம் இருக்கிறது. நம் பனியும் அதுவும் ஒன்றல்ல.

2016 இல் கனடா நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. தைப்பொங்கல் வருகிற மாதம் என்பதால் தேர்ந்தெடுத்த மாதம். ஸ்நோ கனக்கக் கொட்டுகிற மாதமும் அதுதான். அந்தப் பொங்கலன்று விடிவதற்கு முன்பே எழுந்து மாப்பிள்ளை கராஜைத் திறந்தார். கார் நிற்கிற வழி முழுக்க வெள்ளை. உள்ளேயிருந்து ஸ்நோ ப்ளோவரை உருட்டி வந்து கயிற்றை இழுத்தார். முன்வாயில் இரும்புத் திருகு சுழன்று பனியைக் கடித்து உள்ளே இழுக்க, அதன் பின்னால் இருக்கும் விசிறி அதை வாரி, கொக்குக் கழுத்து மாதிரி வளைந்த குழாய் வழியாகத் தூர வீசியது. அரைமணி நேரத்தில் தரை தெரிந்தது. தெரிந்த தரையில் என் மனைவி கோலம் போட்டாள். கராஜ் வாசலில் அடுப்பு வைத்துப் பால் பொங்கியது.

இந்த இயந்திரத்தின் பிறப்பில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி இருக்கிறது. கியூபெக் மாகாணத்துப் பால்பண்ணைக்காரர் ஆர்தர் சிக்கார், கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் இதை யோசித்தார் என்கிறார்கள். கதிரை உள்ளே இழுத்து மறுபக்கம் வீசுகிற இயந்திரம் பனியையும் வீசாதா என்பது அவர் கேள்வி. 1925 இல் செய்து முடித்தார். 1927 இல் மொன்றியலை ஒட்டிய ஊத்ரமோன் நகராட்சி அதை விலைக்கு வாங்கியது. வீட்டுக்காரர் பின்னால் நடந்து தள்ளுகிற சிறிய வகை 1950களில் கடைக்கு வந்தது. களத்துமேட்டிலிருந்து பனிக்கு வந்த கருவி. விவசாயி ஒருவன் தன் கண்ணால் பார்த்த ஒன்றை, தன் துன்பத்துக்குத் திருப்பிக்கொண்ட கதை.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, இனி ஸ்நோ வராது. இண்டைக்கு ப்ளோவரை மூடி வைக்கோணும்." சும்மா ஒரு துணியைப் போர்த்தி மூலையில் தள்ளுவார் என்று நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை அந்த வேலை நடந்தது.

முதலில் தண்ணீர் விட்டுக் கழுவினார். சாலையில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுவார்கள். அது பனியோடு சேர்ந்து இயந்திரத்தின் வாய்க்குள் போய் ஒட்டியிருக்கும். கழுவாமல் விட்டால் அந்த உப்பு கோடை முழுக்க இரும்பை அரிக்கும். கழுவியதைத் துணியால் துடைத்து வெயிலில் நிறுத்தினார். பெயின்ட் உரிந்த இடங்களில் தூரிகையால் தொட்டார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினார். சூட்டில்தான் அழுக்கும் சேர்ந்து இறங்கும். எஞ்சின் கடைசியாக ஓடி நின்ற பிறகு செய்த ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு கரண்டிக்கும் குறைவாக ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்தார். உள்ளே சிலிண்டரின் சுவரெல்லாம் ஆயில் படிய வேண்டும். ஆயில் மாற்றியதும் இரும்புத் திருகின் அச்சுத்தண்டுக்குக் கிரீஸ் ஏற்றினார்.

இங்கே ஒரு நுட்பம். திருகு அந்தத் தண்டோடு இரண்டு சிறிய போல்ட்டுகளால்தான் பிணைந்திருக்கிறது. ஷியர் பின் என்று பெயர். அவை வேண்டுமென்றே மெலிவாகச் செய்யப்பட்டவை. பனிக்குள் கல்லோ கட்டியோ சிக்கித் திருகு நின்றுபோனால், அந்த போல்ட் முறிந்து உள்ளே இருக்கும் பல்சக்கரப் பெட்டியைக் காப்பாற்றும். ஆனால் தண்டில் கிரீஸ் இல்லாமல் துருவேறித் திருகும் தண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டால், போல்ட் முறிந்தும் பயனில்லை; அடி நேரே பல்சக்கரத்துக்குப் போகும். அதனால் மூடி வைக்கும்போது அந்த போல்ட்டுகளைக் கழற்றி, திருகைக் கையால் சுழற்றிக் கிரீஸைப் பரப்பி, மறுபடி மாட்ட வேண்டும். நான் உதவுகிறேன் என்று குழாய்க்குள் கையை விடப் போனேன். "கையை மட்டும் விடாதேங்கோ மாமா" என்று பதறினார். எஞ்சின் நின்றிருந்தாலும் உள்ளே ஏதாவது அடைத்திருந்தால் விசையெல்லாம் அங்கே தேங்கி நிற்கும். அடைப்பு விலகிய கணத்தில் சுழன்று விரலை வாங்கிவிடும். அதற்கென்றே ஒரு குச்சியை இயந்திரத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அன்று உள்ளே அடைப்பு எதுவும் இல்லாததால் ஆபத்து இல்லை. இருந்தாலும் அந்தப் பழக்கத்தை அவர் தளர்த்த விரும்பவில்லை.

போல்ட்டைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தேர் நினைவு வந்தது. எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசி பிரம்மோற்சவத்தில் ஏழாம் நாள் வரதர் தேர். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுப்பவர்கள் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்த மரத்துண்டுகளால்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டை நசுங்கி, சிராய்த்து, புகைந்து போகும். தேருக்குப் பதிலாகத் தேய்வதற்கென்றே அவற்றைச் செதுக்குகிறார்கள். பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்பதைத் தடங்கல் என்ற பொருளில் வசையாகச் சொல்லிவிட்டோம். தேரடியில் நின்று பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான்.

கடைசியாகப் பெட்ரோல். டேங்கில் பாதி இருந்தது. அதை என்ன செய்வது என்பதில்தான் மாப்பிள்ளை மிகவும் கறாராக இருந்தார். அங்கே பம்பில் விற்கும் பெட்ரோலில் பத்து சதவீத அளவுக்கு எத்தனால் கலந்திருக்கும். நம் ஊரில் இப்போது இருபது சதவீதம். ஸ்கூட்டரை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர்களுக்கும் இனிச் சொல்வது பொருந்தும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் இழுத்ததும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். கார்புரேட்டருக்குள் நிற்கிற கொஞ்சம் பெட்ரோலோ ஆவியாகிப் பிசினாக உறையும். அதன் ஜெட் துளை தலைமுடி நுழைகிற அளவுதான். பிசின் அடைத்தால் அடுத்த டிசம்பரில், முதல் ஸ்நோ கொட்டிய காலையில், எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் எழும்பாது.

"ஒண்டில் நிரப்ப வேணும், இல்லாட்டி முழுசா வடிக்க வேணும், மாமா. அரைகுறையா விட்டாத்தான் பழுதாப்போகும்" என்றார். நிரப்புவதென்றால் டேங்கை விளிம்பு வரை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஒரு திரவத்தைக் கலந்து, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும்படி சிறிது நேரம் ஓட்டி நிறுத்த வேண்டும். நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடமில்லை. காற்று இல்லாவிட்டால் ஈரம் வர வழியில்லை. வடிப்பதென்றால் டேங்கை வெறுமையாக்கி, எஞ்சின் தானாக மூச்சடங்கும் வரை ஓடவிட்டு, கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கிய கடைசிச் சொட்டையும் இறக்க வேண்டும். அவர் வடித்தார். எஞ்சின் ஒருமுறை திணறி, ஒருமுறை உயர்ந்து, நின்றது.

அந்த அமைதியில்தான் எனக்கு ஊர் புரிந்தது. எழுபது வயதுக்குப் பக்கத்தில், பூமிக்கு அந்தப் பக்கம் போய், காஞ்சிபுரத்தைப் பற்றி ஒன்று புரிந்தது.

எங்கள் ஊரில் ஒரு தெய்வத்தை முழுக்கத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறோம். இன்னொரு தெய்வத்தின் மேல் தண்ணீர் படவிடுவதில்லை.

வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில், நான்கு கால் நீராழி மண்டபத்தின் அடியில் அத்தி வரதர் இருக்கிறார். அத்தி மரத்தில் செய்த திருமேனி. கடந்த நூறு வருஷத்தில் 1939, 1979, 2019 என்று மூன்று முறை வெளியே எழுந்தருளினார். முதல் முறை அப்பா சிறுவனாகப் பார்த்தார். இரண்டாம் முறை அவரோடு நான் போனேன். மூன்றாம் முறை ஜூலை 1 தொடங்கி ஆகஸ்ட் 17 வரை 48 நாள். முதல் முப்பத்தொரு நாள் கிடந்த கோலம், பிறகு நின்ற கோலம். வசந்த மண்டபத்துக்கு முன்னால் கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து நானும் மனைவியும் உள்ளே போனபோது சில விநாடிதான் கிடைத்தது. அந்தச் சில விநாடியில் பக்தியோடு வேறொன்றும் என்னைத் தொட்டது. நாற்பது வருஷம் குளத்தடியில் இருந்த மரம். நெசவுக்காரன் மகனுக்கு மரம் தெரியும். மழை நனைத்த தறிக்கால் பத்து வருஷத்தில் அடியில் பொடிந்துபோவதைப் பார்த்தவன் நான்.

மரத்தை அழுகவைப்பது தண்ணீர் அல்ல. மரத்தைத் தின்பது பூஞ்சை; அதற்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடத்தில்தான் அது வாழும். நட்ட கம்பம் தரையோடு சேரும் இடத்தில்தான் முதலில் இற்றுப்போகிறது. உலர்ந்த மேற்பகுதியும் ஆழத்தில் புதைந்த அடியும் நிற்கும், இடையில் இருக்கிற ஒரு சாண் மக்கும். முழுக்க மூழ்கிய மரத்துக்குக் காற்று எட்டாது. வெனிஸ் நகரம் பல நூற்றாண்டுகளாகச் சேற்றில் அடித்து இறக்கிய மரக்கம்பங்களின் மேல்தான் நிற்கிறது. யாகத் தீயின் வெம்மை தணியப் பெருமாள் நீருக்குள் போனார் என்கிறது தலவரலாறு. அதை நான் நம்புகிறேன். முழுசாக மூழ்கடித்தால்தான் அத்தி நிலைக்கும் என்று தெரிந்துகொண்டு இந்த ஏற்பாட்டைச் செய்த கைகளையும் நம்புகிறேன். ஒன்று மற்றதைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பெரிய காஞ்சிபுரத்துப் பக்கம் போனால் ஏகாம்பரநாதர். பஞ்சபூதத் தலங்களில் மண். மூலவர் மணல் லிங்கம். அபிஷேகம் ஆவுடையாருக்குத்தான், லிங்கத் திருமேனிக்கு இல்லை. அந்த லிங்கத்தின் கதையே தண்ணீரோடு நடந்த போராட்டம். மாமரத்தடியில் அம்பிகை மணலால் சிவனைப் பிடித்து வைத்துத் தவம் செய்தாள். கம்பை நதி பெருகி வந்தது. மணல் கரைந்துவிடுமோ என்று பயந்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் யார்? பனிமலை அரசனின் மகள். பனி தேசத்திலிருந்து காஞ்சிக்கு வந்தவள், இங்கே முதல் வேலையாக ஒன்றை ஈரத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறாள். காஞ்சியிலிருந்து பனி தேசத்துக்குப் போன ஒருத்தியின் வீட்டு வாசலில் நின்று இதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மூழ்கடித்தால் முழுசாக. உலர்த்தினால் முழுசாக. பாதி ஈரம்தான் கெடுக்கும். அப்பா ஐப்பசியில் செய்ததெல்லாம் அந்தப் பாதி ஈரத்தோடு நடத்திய சண்டை. தறியை வெளியே எடுத்து உலர்த்தவும் முடியாது. மண்ணில் புதைத்த தூண்களோடு அது வீட்டின் ஓர் உறுப்பு. பாவில் பாதிப் புடவை நிற்கும். பட்டோ, தொட்டால் ஈரம் தெரியாத அளவிலேயே தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும் பொருள். ஜரிகையில் ஓடுவது வெள்ளி. ஈரக் காற்றில் கறுக்கும். இத்தனைக்கும் நடுவில் கையில் ஓர் உலர்ந்த துணி.

புடவையை வாங்கிப் போகிறவர்களும் இதே பாடத்தைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. பட்டுப்புடவையை பாலிதீன் உறையில் இறுக்கி வைக்காதீர்கள், மெல்லிய பருத்தித் துணியில் சுற்றுங்கள், பூச்சி உருண்டை ஜரிகையைத் தொடவிடாதீர்கள், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி மடியுங்கள் என்று எங்கள் தெருப் பெண்கள் வாங்க வந்தவர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே ஜரிகை ஒடியும். மாப்பிள்ளை இயந்திரத்துக்கு உறை போட்டபோதும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றவில்லை. காற்றுப் போகும் கித்தான் உறையைப் போர்த்தி, அடியில் கொஞ்சம் திறப்பு விட்டார். பிளாஸ்டிக்கால் இறுக்கினால் உள்ளே வேர்க்கும். டயர்கள் சிமென்ட் தரையில் படாமல் பலகை கொடுத்தார். எஞ்சினுக்குள் எலி கூடு கட்டாமலிருக்க வழிகளை அடைத்தார். வேலை முடிந்ததும் தேதியை ஓர் ஒட்டுத்தாளில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டினார். அந்த ஒட்டுத்தாள் எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்த டிசம்பரில் இங்கே வந்து நிற்கப்போகும் தனக்கே எழுதிய கடிதம் அது.

வருஷத்தில் அந்த இயந்திரம் ஓடுவது பத்துப் பதினைந்து நாள் இருக்கும். வரதர் கோயிலின் கருட வாகனத்தை எடுத்துக்கொண்டால், வைகாசி உற்சவத்தின் மூன்றாம் நாள் கருட சேவைக்கு விடியற்காலையில் ஊரே கோபுர வாசலில் நிற்கும். ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோளில் வாகனம் ஆடி வரும். மற்ற நாட்களில் பெரும்பாலும் துணி போர்த்தி வாகன மண்டபத்து அரை இருட்டில் இருக்கும். பக்கத்தில் யானை, குதிரை, ஹம்சம், தத்தம் நாளுக்காக. உற்சவத்துக்கு முன்னால் புளியும் விபூதியும் போட்டுத் தேய்ப்பவர்களைக் கூட்டத்தில் யாரும் பார்ப்பதில்லை. உபயோகிக்கிற நேரம் மிகச் சிறியது. வைத்திருக்கிற நேரம்தான் ஒரு பொருளோடு நமக்கு இருக்கும் உண்மையான உறவு என்று நினைக்கிறேன். பொருளை எடுத்து வைப்பவன் திரும்பி வருகிற பருவத்தின் மேல் நம்பிக்கை வைக்கிறான். மழை விடும், பாவு ஏறும், பனி கொட்டும், வைகாசி வரும்.

பருவம் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பதில் தெரியாத கேள்வி.

எங்கள் தறிக்குப் பருவம் திரும்பவில்லை. 1985 இல் கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது. 2005 இல் காஞ்சிப்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் விசைத்தறியில் ஓடிய போலிப் புடவை கடையில் பக்கத்துத் தட்டிலேயே இருந்தது. கரையைத் தனி நாடாவால் நெய்து உடலோடு கோக்கிற கோர்வைக்கு, அந்த நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியபோதே அப்பா தன் தறியிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டார். அது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. கடைசிப் பாவை அறுத்து இறக்கியபோதும் அவர் தறியைக் கலைக்கவில்லை. வழக்கம்போல் அச்சிலும் விழுதிலும் பழைய பாவின் நுனி இழைகளை ஒரு முழம் விட்டு வைத்தார். நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: பாவு முடிந்ததும் எல்லாவற்றையும் உருவிவிட மாட்டார்கள். புதுப் பாவு வரும்போது ஆயிரக்கணக்கான இழைகளையும் மறுபடி விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் ஒவ்வொன்றாகக் கோப்பதென்றால் பெரும்பாடு. அதனால் பழைய நுனியோடு புது நுனியைச் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். முடிச்சு இல்லை, முறுக்கு மட்டும். பிறகு மெதுவாக இழுத்தால் பழைய இழைகள் புது இழைகளை வழிகாட்டிக் கூட்டிப் போகும்.

2004 இல் வீட்டை இடித்துக் கட்டினோம். குழியில் மண் கொட்டிச் சிமென்ட் போட்டார்கள். தறிக்கால்களையும் படைமரத்தையும் தெருக்கோடியில் நெய்துகொண்டிருந்த ஒருவருக்குக் கொடுத்தோம். அச்சையும் விழுதையும் மட்டும், அப்பா விட்டுப்போன இழை நுனிகளோடு, நான் எடுத்து வைத்தேன். பரணில்.

ஒன்றை எடுத்து வைப்பது அது திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. இதுவும் காஞ்சிக்குத் தெரியும். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் போர்களுக்குப் பயந்து கோயில்களின் உற்சவ மூர்த்திகளை ஊரைவிட்டு எடுத்துப் போனார்கள். வரதர் உடையார்பாளையத்தில் இருந்தார். 1710 இல் திரும்பி வந்தார். திரும்பக் கொண்டுவந்த தோடர்மல்லின் சிலை குடும்பத்தோடு கோயிலில் நிற்கிறது. அதே காலத்தில் போன தங்கக் காமாட்சி திரும்பவில்லை. பல இடம் அலைந்து தஞ்சாவூரில் போய்த் தங்கினாள். இன்றும் அங்கே பங்காரு காமாட்சியாக இருக்கிறாள். அவளுக்குப் பூஜை செய்த குடும்பத்தில்தான் சியாமா சாஸ்திரிகள் பிறந்து, அவள் மேல் பாடினார். போன இடத்தில் அவள் குறைந்துவிடவில்லை. ஆனால் காஞ்சியில் வைகாசியோ மாசியோ வரும்போது அவள் இல்லாமல் ஒரு வெற்றிடம் இருந்திருக்கும். அதை யார் எப்படித் தாங்கினார்கள் என்று கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

மே மாதம் ஊர் திரும்பினோம். கோடை, புரட்டாசி வெயில் எல்லாம் போய் ஐப்பசி வந்தது. முதல் மழை விட்ட மறுநாள் ஏணி வைத்துப் பரணில் ஏறினேன். அச்சு இருந்தது. 2004 இல் அதைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றுப் போகாமல் சணல் சுற்றி, பத்திரமாக வைத்ததாக நினைத்து இறங்கியவன் நான்தான். அப்பா பாவின் மேல் வேட்டி விரிப்பதை அத்தனை வருஷம் பார்த்தும், ஏன் வேட்டி என்று கேட்டிருக்கவில்லை. பையைப் பிரித்ததும் துரு வாசனை வந்தது. உள்ளே அடைபட்ட ஈரம் போக வழியில்லாமல் ஒவ்வொரு மழைக்கும் வேர்த்து, ஒவ்வொரு கோடைக்கும் காய்ந்து, கம்பிகளை ஒரு பக்கமாகத் தின்றிருந்தது. அந்தப் பக்கத்து இழைகள் தொட்டதும் உதிர்ந்தன. அரக்கு நிறம் காவியாகியிருந்தது. மறு பக்கம், பை கொஞ்சம் கிழிந்து காற்றுப் போயிருந்த பக்கம், கம்பி பளபளத்தது. இழைகள் அப்பா விட்ட நீளத்திலேயே நின்றன. இழுத்துப் பார்த்தேன். தாங்கின.

கூடத்தில் பழைய வேட்டியை விரித்து அதன் மேல் வைத்தோம். உலர்ந்த துணியால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். துரு ஏறிய கம்பிகளை எண்ணெய்த் துணியால் தொட்டு, எண்ணெய் நல்ல பக்கத்துக்குப் போகாமல் இடையில் காகிதம் கொடுத்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பாவு பிணைக்க உட்கார்ந்தவள் அவள்; அம்மாவே அவள் கையைப் புகழ்ந்திருக்கிறாள். துருவுக்கும் பளபளப்புக்கும் நடுவில், பாதியில் அறுந்து தொங்கிய இழை ஒன்றை அவள் எடுத்தாள். பழைய ஜரிகைப் புடவைத் தலைப்பின் குஞ்சத்திலிருந்து ஒரு பட்டு இழையை உருவி வந்தாள். சாம்பலுக்கு எங்கே போவது, வீட்டில் விறகடுப்பு இல்லை. எழுந்து பூஜை மாடத்துக்குப் போய் விபூதியை இரண்டு விரலில் எடுத்து வந்தாள்.

இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கினாள். பிடித்துக்கொண்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த இழையைத் தேடினாள்.